வெள்ளவத்தைக்கு வந்த சேனாபதி

2024 ஜூலை 12, வெள்ளி இரவு

‘இந்தியன் 2’ முதல் நாளே பார்த்தாயிற்று. மூன்று மணிநேரப் படம். இடைவேளைக்கு முன்பே முன்வரிசைகளில் கைபேசி வெளிச்சங்கள் தெரியத் தொடங்கின. விவேக் திரையில் தோன்றியபோது மட்டும் தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. அவர் போய் மூன்று வருடமாகிறது. நெடுமுடி வேணுவும் அதே 2021இல்தான் காலமானார். அதிகாரி கிருஷ்ணசாமியாக அவரைத் தொழில்நுட்பத்தின் துணையோடு மறுபடி நடமாட வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தைக் கண்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்குப் பிறகு படம் தன் பாட்டுக்கு ஓடியது, நான் அதற்கு வெளியே இருந்தேன்.

நல்ல படம் பார்த்துவிட்டு வரும் சனம் ஓட்டோ பிடிக்கும்வரை வாய் ஓயாது. இன்று காலி வீதிக்கு வந்தும் ஒருவரும் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பாட்டுக் கடை திறந்திருக்குமா, நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்ற கதைதான். “அம்மா, உங்களுக்குப் பிடிச்சுதா?” என்று மகள் கேட்டாள். “நாளைக்குக் கதைப்பம்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். நித்திரை வராததால் இதை எழுதுகிறேன்.

ஜூலை 13, சனி

விடியவே ரொறன்ரோவிலிருந்து அண்ணாவின் அழைப்பு. அங்கே வெள்ளி இரவுக் காட்சி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நெடுநேரம் கதைத்தோம், அவ்வளவு நேரமும் இருவருமாகச் சேர்ந்து அந்தப் படத்துக்காக வாதாடினோம். 2020 பெப்ரவரியில் சென்னையில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா. பிறகு தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் இடையில் நீதிமன்றம் வரை போன இழுபறி. இவ்வளவையும் தாண்டி ஒரு படம் வெளிவருவதே பெரிது என்றேன். இசைக்கு ரகுமான் இல்லாமல் போனதுதான் பிழை என்றார் அண்ணா. முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜீவாவும் 2007இல் போய்விட்டார் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். இறந்தவர்களைக் கணக்கெடுத்து முடிந்தபோது அவர் சொன்னார்: “சுஜாதா போன பிறகு சேனாபதிக்கு வாயில்லையடி.”

அதுதான் சரியென்று படுகிறது. 1996இல் வந்த முதல் ‘இந்தியன்’ படத்தில், கையூட்டு வாங்குகிறவர்களைக் கொல்லும் கிழவன் சேனாபதிக்கு வசனம் எழுதியவர் சுஜாதா. கையூட்டு வாங்குகிறவனுக்கும் அவர் ஒரு வீடு, ஒரு வாழ்க்கை, தன் பக்கத்துக்கு ஒரு நியாயம் வைத்து எழுதுவார். அதனால் சேனாபதி அவனுக்கு முன்னால் வந்து நிற்கும்போது நமக்கும் வியர்க்கும். இந்த முறை வசனம் எழுதிய மூவரில் ஒருவர் ஜெயமோகன். எழுதத் தெரியாதவர்களின் வேலை என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் திரையில் வரும் பணக்காரன் தங்கத்தில் குளிக்கிறவனாகவே வருகிறான். அவனைப் போல ஒருவனை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை.

ஒன்றைக் கவனித்தேன். போன வருடம் ‘சந்திரமுகி 2’ வந்தபோதும், அதற்கு முன்பு 2018இல் ‘சாமி 2’ வந்தபோதும் நானும் அண்ணாவும் இதே மாதிரித்தான் தொலைபேசியில் காரணம் தேடினோம். படம் சரியில்லை என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வோம். விருப்பமான ஒருவர் மேடையில் தடுமாறும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா, அந்தக் கூச்சம்தான் எங்களுக்கும்.

ஜூலை 18, வியாழன்

படத்தில் 12 நிமிடங்களை வெட்டிவிட்டார்களாம். அலுவலகத்தில் ஒரு பெடியன் மறுபடியும் போகப்போவதாகச் சொன்னான். வெட்டிய பிறகு நன்றாக இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை. அவனைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு, கொட்டாஞ்சேனை

102 பஸ்ஸில் என் கணவரின் மாமாவைப் பார்க்கப் போனோம். மாமா கொழும்புத் தியேட்டர்களில் ஒப்பரேட்டராக இருந்தவர். கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கதைத்தால் புனித லூசியா பேராலயத்தைச் சொல்வதற்கு முன் கிங்ஸ்லி தியேட்டரைச் சொல்வார். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் அங்கேதான் திரையிடப்பட்டது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படம் எடுத்ததோ தென்னிந்தியாவில். இதை மாமா தன் குடும்ப வரலாறு மாதிரிச் சொல்வார்.

‘இந்தியன் 2’ பற்றி நான் புலம்பத் தொடங்கினேன். அவர் பிளேன்டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு ரெண்டாம் பாகம் வந்திருச்சும்மா. எனக்கு இன்னும் வரல்ல” என்றார்.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடியும்போது அடுத்த தயாரிப்பு ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று அறிவிப்பு விழும். படம் வந்தது 1973இல். ஜப்பான், ஹொங்கொங், தாய்லாந்து என்று எம்.ஜி.ஆர். சுற்றி எடுத்த அந்தப் படத்தில் மின்னலின் சக்தியைப் பிடித்துவைக்கும் விஞ்ஞானி முருகனும் அவன் தம்பி, துப்பறியும் அதிகாரி ராஜுவும் அவரேதான். அந்த ராஜு அடுத்ததாக ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். போகவேயில்லை. அரசியல் வந்தது, முதலமைச்சர் பதவி வந்தது, 1987இல் எம்.ஜி.ஆரும் போய்ச் சேர்ந்தார்.

“நான் ரீல் மாத்திக்கிட்டே அந்த எழுத்தப் பாப்பேன். ஒவ்வொரு ஷோவுக்கும். ராஜு எந்த ஊருல எறங்குவான்னு எனக்குள்ள ஒரு கத ஓடும்.”

அந்தக் கதையை இன்று முழுதாகச் சொன்னார். ராஜு கப்பலில் மொம்பாசா போய் இறங்குகிறான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுள் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியும். இது கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் கட்டிய துறைமுகம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வில்லன் தங்கம் கடத்துகிறவன். உச்சக்கட்டம் ஒரு கிடங்கில். அதற்குள் அடுக்கியிருப்பவை படப்பெட்டிகள். வில்லனின் ஆட்கள் தீ வைக்கிறார்கள். ராஜு உள்ளே பாய்ந்து ஒரு பெட்டிகூடக் கருகாமல் வெளியே கொண்டுவருகிறான்.

“படப்பெட்டி எங்கேயிருந்து மாமா வந்தது?” என்று மகள் கேட்டாள்.

“எம்பத்து மூணுக்குப் பொறகு வந்திச்சு” என்றார்.

1983 ஜூலைக் கலவரத்தில் தியேட்டர்கள் எரிந்தன. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. உள்ளே இருந்த படச்சுருள்களும் போயின. இலங்கையில் எடுத்த எத்தனையோ படங்களுக்கு இன்று பிரதி கிடையாது. மாமா அதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் ராஜு என்ன பாட்டுப் பாடுவான் என்பதற்குத் தாவிவிட்டார்.

திரும்பி வரும்போது எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமையாக இருந்தது.

ஜூலை 24, புதன்

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இதே நாள் பின்னேரம், வெள்ளவத்தைக்கு அடுத்த தரிப்பிடமான தெஹிவளை ஸ்டேஷனில் அலுவலகச் சனம் ஏறிவந்த ரயிலில் குண்டு வெடித்தது. 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ‘இந்தியன்’ எனக்கு இந்த நாளோடு சேர்ந்துதான் நினைவுக்கு வரும். ஏன் என்று இதுவரை எழுதியதில்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த நாங்கள் அடுத்த வருடம் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின் அறைக்கு வந்து சேர்ந்தோம். ஜனவரியில் மத்திய வங்கி தாக்கப்பட்டிருந்தது. கொழும்பில் தமிழர் எவர் வீட்டுக் கதவையும் எந்த இரவிலும் தட்டுவார்கள். பொலிஸ் பதிவுத் துண்டை அப்பா சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டே படுப்பார். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் எடுக்க அவர் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார். கடைசியில் காசு கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நேர்மை படிப்பித்த மனிதர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமைதான் வீட்டுக்காரர் வாடகைக்கு எடுத்த கசட்டில் ‘இந்தியன்’ பார்த்தோம். சேனாபதியின் மகள் கஸ்தூரி தீக்காயத்தோடு கிடக்கிறாள். கையூட்டுக் கொடுக்க மறுக்கும் தகப்பன் ஒவ்வொரு வாசலாக அலைகிறான். பிள்ளை செத்துப்போகிறது. அப்பா எழுந்துபோய்விடுவார் என்று பயந்தேன். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். படத்தின் கடைசியில் வெடிவிபத்தில் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நினைக்கும் கிழவன், ஹொங்கொங்கிலிருந்து தொலைபேசி எடுக்கிறான். தேவைப்படும்போது வருவேன் என்கிறான். அந்த இடத்தில் அப்பா சத்தமாகச் சொன்னார்: “இஞ்ச வரட்டும்.”

அன்று தொடங்கியது. வரிசையில் எங்களை விலக்கி வேறொருவரை முன்னுக்கு விட்டால், “சேனாபதி வரட்டும்” என்போம். இரவில் மின்சாரம் நின்றால் அண்ணாவும் நானும் கதை கட்டுவோம். ஹொங்கொங் விமானத்தில் கட்டுநாயக்கவில் இறங்குகிறார், வேட்டியோடு காலி வீதியில் நடக்கிறார், அந்த அலுவலகத்துக்குப் போய் அந்த எழுதுவினைஞரின் கழுத்தில் இரண்டு விரலை வைக்கிறார். தண்டனையை அண்ணாதான் விதவிதமாகக் கண்டுபிடிப்பார்.

தெஹிவளை ரயிலுக்குப் பிறகு அப்பா ஒரு சட்டம் போட்டார். “கதை சொல்லுங்கோ. ஆனா அந்தாள் ஒருத்தரையும் கொல்லக் கூடாது.” எங்களுக்குப் பெரிய கஷ்டம். கத்தி இல்லாத சேனாபதியை வைத்து என்ன செய்வது? யோசித்து யோசித்து வேறு வழிகள் கண்டோம். சேனாபதி, கையூட்டாக வாங்கிய காசை வாங்கியவர் கையாலேயே வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்க வைப்பார். அந்த எழுதுவினைஞர் எங்கள் பின் அறை வாசலில் வந்து நின்று நோட்டை நீட்டும் கட்டத்தை எத்தனை தரம் சொல்லியிருப்போமோ தெரியாது. அப்பா ஒவ்வொரு முறையும், “என்ன சொல்லித் தந்தவன்?” என்று கேட்பார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர்” என்று அண்ணா குரலை மாற்றிச் சொல்வார்.

எங்களுக்கு இரண்டாம் பாகம் 1996லேயே வந்துவிட்டது. ஜூலை 12ஆம் திகதி திரையில் பார்த்தவர் தாய்பேயில் வாழ்ந்த, வர்மத்தால் ஆட்களைக் குதிரைபோல ஓடவைத்துக் கொல்கிற, நூறு வயதைத் தாண்டிய வேறு யாரோ ஒருவர். இயக்கிய ஷங்கரும் நடித்த கமலும் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆள் எப்போதோ கொலையை விட்டுவிட்டார்.

ஜூலை 30, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரம். சிங்களத் தோழி ஒருவர் ‘தர்மயுத்தய’ என்ற சிங்களப் படத்தைப் பற்றிக் கதைத்தார். ஜாக்சன் அந்தனியை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது, போன வருடம் இறந்துபோன பெரிய நடிகர். 2013இல் மோகன்லால் நடித்த ‘த்ரிஷ்யம்’தான் 2015இல் கமலின் ‘பாபநாசம்’, அதுதான் 2017இல் செய்யாறு ரவி இயக்கிய ‘தர்மயுத்தய’. அவருக்கு ஜாக்சன்தான் அந்தத் தகப்பன், எனக்குக் கமல். மலையாளிகள் எங்கள் இருவரையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுஆக்கம் எனக்குப் பெரிதாக வலிப்பதில்லை. அது முதலில் பார்க்காதவர்களுக்காகச் செய்வது, அவர்களுக்கு அது முழுப் படம்தான். 2005இன் ‘சந்திரமுகி’யே ‘மணிச்சித்திரத்தாழ்’ வழியாக வந்ததுதானே. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஜோதிகா கண்ணை விரிக்கும் இடத்தில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. தொடர்ச்சி வேறு. அது நம்மிடமே வந்து, நீ இத்தனை நாள் நினைத்திருந்தது அல்ல, இதுதான் நடந்தது என்கிறது.

ஓகஸ்ட் 10, சனி

மகளோடு பழைய ‘இந்தியன்’ பார்த்தேன். வலிக்கும் என்று பல நாளாகத் தள்ளிப்போட்டிருந்தேன். சில இடங்களில் வலித்தது. கிருஷ்ணசாமி வரும்போது புதிய படத்தின் அந்த முகமும் குறுக்கே வந்தது. பழைய படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. ஒரு கீறல் விழுந்துதான் இருக்கிறது. ஆனால் கஸ்தூரி சாகும் கட்டத்தில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. என் அப்பாவை அவள் பார்த்ததில்லை.

ஹொங்கொங் தொலைபேசி முடிந்ததும் கேட்டாள்: “உங்கட சேனாபதி இஞ்ச வந்து என்ன செய்தவர்?”

சொன்னேன். கட்டுநாயக்க, காலி வீதி, எழுதுவினைஞர், நோட்டு, மாஸ்டர் என்ற சொல் வரை. கேட்டுவிட்டுத் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். அவளுடைய சேனாபதி அதிகாலையில் கடவுச்சீட்டு வரிசையில் நிற்கிறார். எவரையும் தண்டிப்பதில்லை. பின்னால் நிற்கும் பிள்ளைத்தாய்க்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசிக்குப் போகிறார். அதைப் பார்த்து முன்னால் நிற்கும் தரகருக்கு வெட்கம் வருகிறது.

அண்ணாவை வீடியோவில் எடுத்து அவளையே சொல்ல வைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “தரகருக்கு வெட்கம் வருமெண்டா சேனாபதி எதுக்கு? ரெண்டு விரலாவது வைக்க வேணும்.” கொல்லக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம் என்று அவள் நினைவுபடுத்தினாள். விரல் வைத்தால் கொலையாகாது, கை மட்டும் கொஞ்ச நேரம் விறைக்கும் என்றார் அவர். எவ்வளவு நேரம் என்றாள் இவள். அரை மணித்தியாலத்துக்குமேல் நான் ஒரு பக்கம் நிற்க, இருவரும் சண்டை பிடித்தார்கள்.

மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தை இரண்டாவது படத்தின் கடைசியிலேயே காட்டிவிட்டார்கள். வந்தால் முதல் நாளே போவோம் என்று அண்ணா சொல்லிவிட்டார், மகளும் சரியென்றாள். அதற்குள் தரகரின் கை எத்தனை நிமிடம் விறைக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். நான் பத்து நிமிடம் என்கிறேன். அண்ணா ஒரு நாள் முழுக்க என்கிறார்.