பனிச்சரிவில் கிடைத்த உறவுகள்

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் நாகமலை புதுக்கோட்டை. நீண்டு படுத்த பாம்பைப் போலக் கிடக்கும் நாகமலையின் அடியில் வளர்ந்தவன் நான். கோடைக் காலத்தில் அதன் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவிலும் வீசிக்கொண்டிருக்கும். மலை என்றாலே சுடும் என்று அறிந்திருந்த எனக்கு, வெண்பனி மூடிய ஒரு சரிவில்தான் வாழ்நாள் நண்பர்கள் கிடைத்தார்கள். அதுவும் பாலைவன நகரான துபையில்!

2006ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கர் வேலைக்காக அங்கே சென்றேன். தங்கையின் திருமணக் கடன் தலைக்கு மேல் இருந்தது. தேராவில் ஓர் அறையில் எட்டுப் பேர், எல்லோரும் தமிழர்கள். அறைக்குள் ஊர்ப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அலுவலகத்தில், பல நாட்டவர் நடுவே, நான் ஊமையாகவே இருந்தேன். என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்று அஞ்சி, மதிய உணவைக்கூடத் தனியே உண்டேன். எட்டாம் மாதம், "அத்தா, நான் திரும்பி வந்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் அழுதேவிட்டேன். அத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வருவது உன் விருப்பம் தம்பி. ஆனால் அங்கே நாலு பேரிடம் பழகிப் பார்த்துவிட்டு வா" என்றார்கள்.

அடுத்த வாரமே அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. உடன் பணியாற்றிய லெபனான் நாட்டுச் சகோதரர், "வெள்ளிக்கிழமை மாலை பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம், வருகிறாயா?" என்று கேட்டார். அத்தாவின் சொல்லை நினைத்துத் தலையசைத்தேன்.

எமிரேட்ஸ் மால் என்னும் பெரிய வணிக வளாகத்தினுள் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்டது 'ஸ்கி துபை'. வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில் காயும்போது உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே ஓரிரண்டு டிகிரி குளிர். சுமார் 85 மீட்டர் உயரமுள்ள செயற்கை மலை. அதில் ஐந்து சரிவுகள். மிக நீண்ட சரிவு 400 மீட்டர். இரவில் மேலும் குளிரூட்டி, நுண்ணிய நீர்த்திவலைகளைப் பீய்ச்சும்போது அவை உறைந்து பனியாக உதிர்கின்றன.

எங்கள் குழுவில் நால்வர். லெபனான் சகோதரர் ஒருவரே பனியில் பழகியவர். அவர் நாட்டின் பெயரே வெண்மையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. துபைக் கடைகளில் நாம் வாங்கிக் குடிக்கும் 'லபன்' மோருக்கும் அதுவே வேர். கென்ய நாட்டு ஓட்டுநர் தம் நாட்டு மலைச்சிகரத்துப் பனியைத் தொலைவிலிருந்து கண்டதோடு சரி. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோழரும் நானும் அதைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துச் சறுக்கும் இந்த விளையாட்டு மிகப் பழையதன்று. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்குழந்தைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை இணைத்துச் செய்த பலகையே இதன் முன்னோடி. 1998இல் நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது.

முதல் பாடம் வேடிக்கையானது. சொல்லாமல் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவார்கள். தடுமாறும்போது எந்தக் கால் முன்னே வருகிறதோ, பலகையிலும் அதுவே முன்கால். இரண்டாம் பாடம், விழுவது. உள்ளங்கையை ஊன்றக்கூடாது, விரல்களை மடக்கி முன்கையில் விழவேண்டும். இரண்டு கால்களும் ஒரே பலகையில் பிணைக்கப்பட்டிருப்பதால், புதியவர் எழுவதற்கு இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். அன்று முப்பது முறையாவது விழுந்திருப்பேன். "பிடி", "எழு", "மெதுவாக" என்று நான்கு நாட்டு ஆங்கிலத்தில் கத்தினோம். விழுந்து கிடப்பவனிடம் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை என்பதை அன்றுதான் கண்டேன். நால்வர் அமரும் தொங்கு இருக்கையில் மேலே செல்கையில், பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் மதிய உணவை நால்வரும் சேர்ந்து உண்டோம். அதன்பின் செலவைச் சுருக்கி, மாதம் ஒருமுறை பனிக்குச் சென்றோம்.

ஒருநாள் அவசரத்தில் பாடத்தை மறந்து உள்ளங்கையை ஊன்றினேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வலியைவிட, வேலை போய்விடுமே என்ற அச்சமே பெரிதாக இருந்தது. கென்யத் தோழர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பிலிப்பைன்ஸ் தோழர் தம் வேலை முடிந்தபின் நாள்தோறும் என்னருகே அமர்ந்து, நான் சொல்லச்சொல்லக் கணக்குகளைப் பதிந்தார். லெபனான் சகோதரரின் வீட்டிலிருந்து பருப்பு சூப் வந்தது. அறைத் தோழர்கள் துணி துவைத்துத் தந்தார்கள். ஒருநாள் ஊதியமும் குறையவில்லை. அந்த ஆண்டு ரமலானில் மூவரையும் எங்கள் அறைக்கு நோன்பு திறக்க அழைத்தோம். பிலிப்பைன்ஸ் தோழர் நோன்புக் கஞ்சியை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே நான் எழுப்பியிருந்த சுவர் அன்று இல்லாமற் போனது.

கடன் தீர்ந்து, 2015இல் ஊர் திரும்பினேன். அண்மையில் எங்கள் ஊர் உணவகம் ஒன்றில் வடமாநில இளைஞர் ஒருவரைக் கண்டேன். அங்கே பாத்திரம் கழுவுபவர். எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி, மூலையில் தனியே உண்டுகொண்டிருந்தார். துபை அலுவலகத்தில் நான் உண்ட மதிய உணவு நினைவுக்கு வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊரைக் கேட்டேன். என் இந்தியைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். முன்பு நான் அஞ்சிய அதே சிரிப்புதான். ஆனால் அதில் ஏளனமே இல்லை. ஒடிசா என்றார், அம்மாவைப் பார்த்து ஓராண்டாகிறது என்றார். இப்போது விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

வெளிநாடு செல்லும் தம்பிமார்களே, நம்மவர் அறையோடு நின்றுவிடாதீர்கள்; தவறாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் தனியே உண்டுகொண்டிருப்பார். இன்று அவரிடம் ஊரும் பெயரும் கேளுங்கள்.