பின்னால் ஒரு கண்

ஒரு வீட்டையே பின்பக்கமாக ஓட்டுவதென்றால் லேசான காரியமா?

அமெரிக்காவில் இருக்கும் என் பிள்ளை ஒரு பழைய மோட்டார் வீடு வாங்கியிருந்தான். சமையல் மேடை, படுக்கை, குளியலறை எல்லாம் அடங்கிய 30 அடி வண்டி. போன வருஷம் நாங்கள் அங்கே போயிருந்தபோது, கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கைக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

காரில் போல் உள்கண்ணாடியில் பின்னால் பார்க்க இதிலே வழியில்லை. நடுவே வீடல்லவா இருக்கிறது! அதனால் பின்சுவரின் உச்சியில் ஒரு காமிரா. ஓட்டுகிறவன் எதிரே ஒரு சின்னத் திரை.

அரிஜோனாவில் வில்லியம்ஸ் என்ற ஊரில் இரவு தங்க இடம் பிடித்திருந்தோம். வண்டியை உள்ளே தள்ள ரிவர்ஸ் போட்டானோ இல்லையோ, திரை வெறும் நீலமாகிவிட்டது!

"காமிரா செத்துப்போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்றான் பிள்ளை.

"எதற்கடா? பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தே எடுத்துவிடலாமே!" என்றார் இவர், ஏதோ தாமே ஓட்டப் போகிறவர் மாதிரி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று வயதுப் பேரன் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளையா? மருமகள் சொல்லியிருந்த கதை வேறு நினைவுக்கு வந்தது. 2002-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ஒரு தகப்பனார் தம் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது அவருடைய இரண்டு வயதுக் குழந்தையே அடிபட்டு இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே விற்பனைக்குச் செய்யும் புதுக் கார்களுக்கெல்லாம் பின்காமிரா கட்டாயம். ஆனால் சுமையோடு 10,000 பவுண்டு எடையைத் தாண்டும் வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் வண்டி அந்த ரகம்.

"செத்ததா, மயங்கினதா என்று முதலில் பாரடா!" என்றேன்.

பார்த்தான். நீலமாவது தெரிவதால் திரைக்கு மின்சாரம் வருகிறது, படந்தான் வரவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. பின்னால் போய், காமிராவுக்குச் செல்லும் கம்பியில் டெஸ்ட் விளக்கை வைத்தான். விளக்கின் மறுமுனையை வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொட்டால் எரிந்தது. காமிராவின் எர்த் கம்பியில் தொட்டால் எரியவில்லை. குனிந்து பார்த்தால், அந்த எர்த் கம்பியைப் பிடித்திருந்த திருகாணி முழுக்கத் துரு! உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினான். திரையில் படம் பளிச்சென்று வந்தது. காலணா செலவில்லை.

"நான் அப்போதே நினைத்தேன்" என்றார் இவர்.

"இனிமேல் நீ இறங்கி நிற்க வேண்டாம், அம்மா" என்றான் பிள்ளை.

பழக்கம் விடுமா? இறங்கிப் பின்னால் வந்து நின்றேன். ஒரு சுற்றுப் பார்த்தவள் அலறிவிட்டேன். "நிறுத்துடா!"

பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டியின் பக்கவாட்டில், பேரன் குந்திக்கொண்டு உருண்டுபோன பந்தை இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருக்கிறான் என்று இவர் நினைத்திருக்கிறார். தாத்தாவோடு இருக்கிறான் என்று மருமகள். காமிராவோ பின்பக்கத்தைத்தானே காட்டும்? திரையில் குழந்தை இல்லவே இல்லை.

பிள்ளை இறங்கி வந்தான். ஒன்றும் பேசவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றான்.

மறுநாள் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். ஒரு மைல் ஆழமாம்! எனக்கென்னவோ, இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சக்கரத்தடிதான் தெரிகிறது.