வீட்டுக்கு இருவர்

எங்கள் காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத்தில் பாட, வெளியூர்ச் சிறுவர் பாடகர் குழு வந்திருந்தது. வீட்டுக்கு இருவராகப் பங்கு மக்கள் அழைத்துச் சென்றோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மூத்தவன் மட்டும் சாப்பிடவே இல்லை. அம்மா காரணம் கேட்டார்கள்.

"மகரக்கட்டு உடைஞ்சிருச்சு அம்மா. இனிமே என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க" என்று அழுதான். என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தோம்.

மறுநாள் காலை, எங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் சிஸ்டரிடம் அவனை அழைத்துப் போனோம். வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் 1740களில் பாடிய சிறுவன் ஹெய்டனும், குரல் உடைந்தபின் வெளியேற்றப்பட்டவரே. பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளை இயற்றினார் என்று சிஸ்டர் சொன்னார்கள்.

அன்று மாலைத் திருப்பலியில் அவன் பாடவில்லை. சின்னத் தம்பிகளுக்குச் சுருதி எடுத்துக் கொடுத்தான். இரவு, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்! கடவுள் தந்த வரம் போய்விடுவதில்லை, மாறித்தான் வருகிறது என்று நாங்கள் உணர்ந்தோம்.