மிதிக்காதபோதும் வரும் சத்தம்

மாமா கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புங்கமரத்துக் கிளையில் தேய்ந்த டயர் ஒன்று தொங்கும், அதுதான் பலகை. அன்னவாசலுக்குப் பக்கத்தில், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். கீற்றுக் கொட்டகை, கரிப்பிடித்த மரப்பெட்டியில் ஸ்பேனர்கள், பாதி அறுத்த தகர டின்னில் தண்ணீர், அதன் மேல் எப்போதும் ஒரு எண்ணெய் வளையம். வாடகைக்கு எட்டு சைக்கிள். மட்கார்டில் வெள்ளை பெயிண்டால் 1 முதல் 8 வரை எழுதியிருக்கும். மணிக்கு ஒரு ரூபாய். எடுத்த நேரத்தை நோட்டில் எழுதுவது லீவு நாட்களில் என் வேலை. மாமாவிடம் கடிகாரம் இருந்தது, ஆனால் கையெழுத்து அவருக்கே புரியாது.

ஏழாம் நம்பரில்தான் நான் ஓட்டப் பழகினேன். பாருக்கு அடியில் காலை விட்டு, உடம்பைக் கோணலாக்கி மிதிக்கும் குரங்குப் பெடல். ஒரு கோடை முழுக்க முழங்காலில் புண் ஆறவில்லை. பாருக்கு மேலே ஏறி உட்கார்ந்த அன்று கால் எட்டாமல், இறங்கத் தெரியாமல், கண்மாய்க்கரை வரை போய் ஆலமரத்தைப் பிடித்து நின்றேன். அந்தக் கதையை எல்லோருமே எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது கடையில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளைப் பற்றி.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் "என்னமோ சத்தம் வருதுப்பா" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைப்பார். மாமா வண்டியைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார். "மிதிக்கும்போது மட்டும் வருதா, மிதிக்காம விட்டாலும் வருதா?" பாதிப் பேருக்கு பதில் தெரியாது. "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிடுவார். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடல், செயின், கட்டர்பின், நடு அச்சு, இவற்றுள் ஒன்று. மிதிக்காமல் உருளும்போதும் வந்தால் சக்கரத்தில் கோளாறு. ஒரு மிதிக்கு ஒரு 'டக்' என்றால் தொண்ணூறு சதவீதம் கட்டர்பின் தளர்ந்திருக்கும். இரண்டு சுத்தியல் அடி, நட்டு ஒரு திருகு, முடிந்தது. அதற்குக் காசு வாங்கமாட்டார். "கேட்ட கேள்விக்கு பதில் சொன்னாரே, அதுக்குத் தள்ளுபடி" என்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை மொத்தமாகப் பிரித்துக் கழுவி மாட்டுவதற்கு 'ஓவராயில்' என்று பெயர். எண்ணெய் அதிகமாகப் போடுவதால் அந்தப் பெயர் என்றே காலேஜ் போகும்வரை நம்பியிருந்தேன். அது ஓவர்ஹால் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. காலையில் வரும் வண்டிகளில் பாதி பஞ்சர். ஆனால் "ராத்திரி காத்து இருந்துச்சு, விடிஞ்சா இல்ல" என்று யாராவது சொன்னால் மாமா டயரைத் தொடமாட்டார். விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைப்பார். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்டியூப் இற்றுப்போயிருக்கிறது. மண்புழு தடிமனில் ஒரு துண்டு ரப்பர், 25 பைசா. பஞ்சர் என்று சொல்லி ஒரு ரூபாய் வாங்கியிருக்கலாம், வந்தவருக்குத் தெரியப்போவதில்லை. மாமா வாங்கியதில்லை. வியாபாரம் தெரியாத ஆள் என்று ஆயா திட்டுவாள்.

நிஜமான பஞ்சர் என்றால் டியூபைத் தண்ணீர் டின்னில் முக்கி, குமிழி வரும் இடத்தில் தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைப்பது என் வேலை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வந்ததே இல்லை. ஈரத்தோடு ஒட்டிவிடுவேன், ஒட்டு மறுநாளே பெயர்ந்து வரும். ஒட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி. டியூபின் ஓட்டை வால்விலிருந்து எத்தனை ஜாண் என்று அளந்து, டயரின் உள்பக்கம் அதே இடத்தில் விரலை ஓட்டி முள்ளைத் தேட வேண்டும். முள்ளை எடுக்காமல் ஒட்டினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் திரும்பி வருவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளே கிடையாது. காற்றுக் குறைவாக வைத்துக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் உள்ளங்கையில் இன்னும் ஒரு தழும்பு உண்டு. இடது பெடலைக் கழற்றச் சொல்லிவிட்டு மாமா சாப்பிடப் போயிருந்தார். எல்லா மரையையும்போல இடப்பக்கமாகத் திருகினேன், அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன். வழுக்கிப் பல்சக்கரத்தில் கை விழுந்தது. இடது பெடலுக்கு மட்டும் எதிர்மரை. நேர்மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும் என்று மாமா மஞ்சள்தூளை அப்பிக்கொண்டே சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

அதுவரை கடைக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஆண்களுடையவை. 1991இல் அறிவொளி இயக்கம் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வந்தது. எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக்க வேண்டும் என்று கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முனைந்து நின்றார். சைக்கிள் வாங்க பாங்கிகளில் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். அதில் ஒரு சௌகரியமும் கண்டுபிடித்தார்கள்: பாரில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம்.

அம்மா பகலில் களைவெட்டுக்குப் போவாள். ராத்திரி பக்கத்துக் குடியிருப்பில் அறிவொளி வகுப்பு எடுப்பாள். எட்டாவது படித்திருந்த அவள்தான் எங்கள் தெருவில் அதிகம் படித்தவள். அவள் சைக்கிள் பழகியது நான் பழகிய அதே ஏழாம் நம்பரில், நிலா வெளிச்சத்தில். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது நான். பத்து வயசுப் பையன் பிடித்தால் வண்டி நிற்குமா? இருவரும் சேர்ந்தே விழுந்தோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "மழை வந்தா எங்க ஒதுங்குவ?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

கடையில் கேள்விகள் மாறின. "சேலை செயின்ல மாட்டிக்கிட்டா இழுக்கணுமாண்ணே?" இழுக்கக் கூடாது, இறங்கிப் பெடலைப் பின்னால் சுற்றினால் தானே விட்டுவிடும். "நின்னா லைட்டு அணையுதே?" டைனமோ சக்கரத்தில் உரசி ஓடுவது, சக்கரம் நின்றால் வெளிச்சமும் நிற்கும். இருட்டில் நிற்க வேண்டியிருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்று. "செயின் கழண்டா யாரைக் கூப்பிடறது?" யாரையும் வேண்டாம் என்று மாமா அத்தனை பேரையும் சுற்றி உட்காரவைத்துக் காட்டினார். கை கரியானால் வேப்பிலையும் மண்ணும் போட்டுத் தேய்க்கச் சொன்னார். ஆண்கள் யாரும் இதைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான்.

வழி கேட்பதும் அப்படித்தான். ஆண்களுக்குப் புதுக்கோட்டைக்கு ஒரே வழி, தார் ரோடு. இவர்கள் கேட்டதற்கெல்லாம் மாமா பழைய போக்ஸ் கம்பியால் தரையில் கோடு போட வேண்டியிருந்தது. தார் ரோட்டில் கல் லாரி ஓடும். கண்மாய்க்கரை வண்டிப்பாதையில் போனால் தூரம் குறைவு, ஆனால் முள். தைலமரக் காட்டு வழி நிழல்தான், ஆனால் பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் இருக்காது. காலையில் எந்த வழி, சுமையோடு வந்தால் எந்த வழி, ஆடியில் எந்த வழி என்று தனித்தனிக் கோடு. ஆடியில் திரும்பிவரும்போது மேல்காற்று எதிர்க்கும், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள் என்பார். அம்மா கண்டுபிடித்துச் சொன்னதும் ஒன்று உண்டு. காலையில் புதுக்கோட்டைக்குப் போகும்போதும் இடது கன்னத்தில் வெயில், சாயங்காலம் திரும்பும்போதும் இடது கன்னத்தில்தான். இருபது வருஷமாக அந்த ரோட்டில் போகிற மாமாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

1992 மகளிர் தினத்துக்குப் புதுக்கோட்டையில் பெண்களின் சைக்கிள் ஊர்வலம். எங்கள் ஊரிலிருந்து பதினோரு பேர் கிளம்பினார்கள். எட்டு வாடகை வண்டியும் போய்விட, மிச்சம் மூன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார்கள். அம்மாவின் வண்டிப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்தாள். மடியில் காற்றடிக்கும் பம்ப், பையில் ஸ்பேனரும் இரண்டு வால்டியூபும். சித்தன்னவாசல் மலை தாண்டியதும் சித்தி வண்டியில் செயின் கழன்றது. நான் இறங்கி ஓடுவதற்குள் அவளே மாட்டிவிட்டாள். அன்று முழுக்க என் பைக்கு வேலையே வரவில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். புதுக்கோட்டைக்குள் நுழைந்தபோது முன்னும் பின்னும் பெல் சத்தம் மட்டும்தான். 1,500 பெண்கள் என்றார்கள். பாரில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் கொடி கட்டிய ஹேண்டில்பார்களும் முதுகுகளும்தான். கால் மரத்துப்போய் அழுததை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

மறுநாள் காலை மாமா கடை திறக்கும் முன்பே அம்மா ஏழாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, சத்தம் வருது. மிதிச்சாலும் வருது, மிதிக்காட்டியும் வருது."

மாமா வாயைத் திறந்து மூடினார். கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"முன்வீலுதான். ஹேண்டில்ல கை வச்சா அதிருது" என்றாள்.

முன்வீலைக் கழற்றி, கோனைத் திருகி, கிரீஸை வழித்தார். பக்கத்துக்குப் பத்துப் பால்ரஸ் குண்டு. வலது பக்கத்தில் ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. மாமா அந்தப் பக்கத்தின் பத்தையும் புதிதாக எண்ணி எடுத்தார்.

"ஒண்ணுதானே உடஞ்சிருக்கு. எதுக்குப் பத்து?"

"புதுசும் பழசும் சேராது ஆத்தா. பழசு தேஞ்சிருக்கும், புதுசு ஒண்ணே ஒண்ணு போட்டா பாரமெல்லாம் அதும்மேல விழும். அதுவும் உடஞ்சிரும்."

அம்மா யோசித்தாள். "அப்ப பத்துக்கும் காசு நான்தான் குடுக்கணும்?"

"வாடகை வண்டிதானே, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

"அப்படீன்னா பழைய குண்டு எனக்கு" என்று மீதி ஒன்பதையும் மண்ணெண்ணெயில் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த ராத்திரி வகுப்பில் கூட்டல் கணக்கு.