அம்மா இறங்கும் புளியமரம்

போன மாதம் ஒரு பயிற்சி முகாமில் கல்லூரித் தம்பி ஒருவர் என் பழைய ஸ்கூட்டியைப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, களப்பணிக்குப் புல்லட் எடுத்தா கெத்தா இருக்கும்ல?" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 87.8 சிசி ஸ்கூட்டி பெப் பிளஸ். மகளிர் குழுக் கடனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. புடவை கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காரலாம். நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் ஊன்றும். கால் வைக்கும் இடத்தில் ரேஷன் அரிசி மூட்டை, சீட்டுக்கு அடியில் மனுக்கட்டு. வேலைக்குப் போகும் பெண்களிடம் ஸ்கூட்டர் ஏன் பிடிக்கும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். நானும் குழுவில் இதைச் சொல்லித்தான் கடன் கேட்டேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது.

எங்கள் பக்கத்து டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பிவிடும். காலனி அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். கடைசி பஸ் இரவு 7.30க்கு. கூட்டம் முடிந்து பெண்களின் மனுக்களை எழுதி முடிக்கவே எட்டு மணியாகும். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகும் அக்கா ஒருவர், எதிரிகள் ஏறும் அதே பஸ்ஸில்தான் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வாய்தா நாட்களில் இப்போது அவர் என் பின்சீட்டில் வருகிறார். எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது, யார் பக்கத்தில் உட்காருவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஸ்கூட்டரின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

வண்டிக்கு அடுத்தவர் தயவை எதிர்பார்ப்பது எப்படி முடியும் என்பதை அண்ணல் அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். 1929இல் அரசு விசாரணைக் குழு உறுப்பினராகப் போன வழியில் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கினார். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டத் தெரியாத நம்மவர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது. அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. பாரிஸ்டர் பட்டம் அந்த ஒரு சவாரியை வாங்கித் தரவில்லை.

என் அப்பாவிடம் சைக்கிள் இருந்தது. ஊர்த்தெரு முனையில் புளியமரம் வந்ததும் இறங்கிவிடுவார். தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு நடப்பார். பஞ்சர் ஆகிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். தினமும் ஒரே இடத்தில் பஞ்சர் ஆகாது என்று புரிய எனக்குப் பத்து வயதானது.

தோழர்களே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் நாம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு, புத்தாடை அணிவதையும் தடுப்பது பிரிவு 3(1)இன் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஒரு நாட்டின் சட்டத்தில் இப்படி ஒரு வரி தேவைப்பட்டிருக்கிறது என்றால், எத்தனை புளியமரங்கள் இருந்திருக்க வேண்டும்!

சட்டம் வந்தும் அம்மா இறங்கினாள். முதல் நாளே நான் கோபப்பட்டேன்.

"இப்ப யாரும்மா கேக்கறா?"

"கேக்கறாங்களோ இல்லையோ, எனக்குக் காலு கூசுது. நீ போ, நான் நடந்து வரேன்."

உள்வாங்கிய ஒடுக்குமுறை பற்றி முதுகலைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அம்மாவுக்குச் சொல்ல ஒரு வரி கூட வாயில் வரவில்லை.

ஸ்கூட்டர் வந்தால் சாதி போய்விடும் என்று சொல்லவில்லை. தவணையும் பெட்ரோலும் நம் பெண்கள் பலருக்கு எட்டாதவை. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அரசு அறிவித்தபோது, மீதியைப் புரட்ட முடியாமல் எங்கள் காலனியில் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களுக்கு 2021 முதல் கிடைத்த கட்டணமில்லாப் பஸ்தான் பெரிது. அந்தப் பஸ் காலனி வரை வர வேண்டும் என்ற கோரிக்கையை, நமக்கு வண்டி வந்துவிட்டது என்று கைவிடாதீர்கள். வாங்க முடிந்தவர்கள் லைசென்ஸ் எடுங்கள். ஆர்.சி. புத்தகம் வீட்டுப் பெண்கள் பெயரில் இருக்கட்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேருக்காவது கற்றுக் கொடுங்கள்.

அம்மாவோடு நான் இப்போது சண்டை போடுவதில்லை. அவள் இறங்கினால் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போவேன். நான் இறங்க மாட்டேன். போன வாரம் ரேஷன் வாங்கித் திரும்பும்போது தூறல் போட்டது. புளியமரம் வந்தது. அம்மா இறங்கவில்லை. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். தெரு முடிந்த பிறகும் பிடியை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "அரிசி நனைஞ்சிடும்னுதான் எறங்கல" என்றாள்.

இருக்கட்டும். அடுத்த மாதமும் ரேஷன் வாங்கப் போவோம்.