வெங்காயத்துக்கும் வேளைக்குச் சாப்பாடு

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது, அது மண்ணில் என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்று நாம் யோசிப்பதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் வெங்காயமே பிழைப்பாக உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கோ சதா அதே நினைப்புதான்!

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. "எரு போட்டாப் போதும், மூட்டை உரம் எதுக்கு?" என்பார் மாமியார். "பக்கத்துத் தோட்டத்துலே மூணு தடவை யூரியா போட்டிருக்காங்க. தாள் எப்படிக் கருகருன்னு நிக்குது பாரு!" என்பார் என் கணவர். மாட்டை விற்று உரம் வாங்கலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. சாணம் அள்ளிக் குழியில் சேர்ப்பவள் நான். மகளின் கல்லூரிப் பணமும் அந்த வருஷ வெங்காயத்தை நம்பித்தான் இருந்தது. "ஏங்க, தாளையா நாம விக்கப் போறோம்?" என்று கேட்டேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசைப் பார்த்தால், இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஹெக்டேருக்கு மக்கிய தொழு உரம் 25 டன். அடியுரமாகத் தழைச்சத்து 30, மணிச்சத்து 60, சாம்பல்சத்து 30 கிலோ. 30ஆம் நாள் மேலுரமாக இன்னொரு 30 கிலோ தழைச்சத்து. கொல்லைக் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட்டுக்கு எரு 100 கிலோ, யூரியா கால் கிலோ, சூப்பர் பாஸ்பேட் ஒன்றரை கிலோ, பொட்டாஷ் 200 கிராம். 30ஆம் நாள் மறுபடி கால் கிலோ யூரியா. மண் பரிசோதனை செய்தால் கூட்டிக் குறைக்கலாம்.

ஏன் இரண்டும் வேண்டும்? வெங்காய வேர் ஆழமாகப் போகாது. மேல்மண் பொலபொலவென்று இருந்து ஈரம் காக்க எரு வேண்டும். ஆனால் எருவின் சத்து மெல்லத்தான் கிடைக்கும். குறுகிய நாள் பயிருக்கு அது மட்டும் பற்றாது. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் உண்டு. வெங்காயத்தின் காரமும், நம் கண்ணீரும் கந்தகத்தால்தானே!

பச்சைச் சாணம் மட்டும் கூடாது; களை விதையும் புழுவும் கூடவே வரும். காய் பருக்கும் சமயத்தில் யூரியா போட்டாலோ, கழுத்து தடித்துப் பட்டறையில் அழுகிவிடும்.

மாடு எங்கள் தொழுவத்திலேயே நின்றது. யூரியாவும் 30ஆம் நாளோடு நின்றது. பட்டறை வெங்காயம் அழுகாமல் தாங்கியதால், விலை ஏறியபின் விற்றுப் பணம் கட்டினோம்.

சகோதரிகளே, கொல்லையில் இரண்டு பாத்தி இடம் இருந்தால் போதும். காய்கறித் தோலையும் சாணத்தையும் நன்றாக மக்க வைத்து, நீங்களும் போட்டுப் பாருங்களேன்!