செவி கேட்ட உண்மை

நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ளார். நடுவயதில் பார்வையை இழந்தவர். ஆயினும் கணினியைக் கைவிட்டவர் அல்லர். பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான், மின்னஞ்சல்களை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது.

ஒரு மாலை அவரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். "சாமி, வங்கியிலிருந்து மடல் வந்திருக்கிறது. இன்றிரவுக்குள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் ஓய்வூதியக் கணக்கு முடங்கிவிடுமாம். கொஞ்சம் பாருங்கள்" என்றார். பார்த்தோம். முத்திரை, வண்ணம், பெயர் யாவும் செம்மையாகவே இருந்தன. "உண்மையான மடல்தான் ஐயா" என்று துணிந்து கூறிவிட்டோம்.

அவருடைய விரல் தயங்கியது. "காதுக்குச் சரியாகத்தான் ஒலிக்கிறது, எதற்கும் எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன்" என்றார். அனுப்பியவரின் முகவரியை அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் செய்தார். ஒருமுறை வரவேண்டிய ஆங்கில 'என்' எழுத்து இருமுறை ஒலித்தது. நம் கண்கள் கண்டும் காணாத எழுத்து அது! அவர் நம் சொல்லை நம்பியிருந்தால், வாழ்நாள் சேமிப்பே பறிபோயிருக்கும்.

முதிய ஈசாக்கு நம் நினைவுக்கு வந்தார். யாக்கோபின் குரலை அவருடைய செவி சரியாகவே அறிந்தது. உரோமம் போர்த்திய கைகளைத் தடவிப் பார்த்த பின்னரே அவர் ஏமாந்தார். நாம் நம்பிய முத்திரையும் அத்தகைய போர்வையே. ஆசிரியரோ செவியின் ஐயத்தைக் கைவிடவில்லை.

எழுத்துக் கூட்டுவதும் எப்போதும் போதாது. இணைப்பின்மேல் எழுதப்பட்டுள்ள சொல்லையே திரைவாசிப்பான் படிக்கும். அதன் பின்னே மறைந்துள்ள முகவரியைத் தானாகச் சொல்வதில்லை. ஆகவே அன்றே சில முடிவுகளுக்கு வந்தோம். மடலில் உள்ள இணைப்பை அழுத்துவதில்லை, வங்கியின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்வது, அல்லது முன்பே அறிந்த வங்கி எண்ணை அழைத்துக் கேட்பது, கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும், ஏன் நமக்கும்கூட, சொல்வதில்லை. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடுவது.

பார்வையற்றவருக்கு உதவுவது என்றால் அவருடைய கண்ணாக இருப்பதே என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். அவர் தாமே சோதித்து முடிக்கும்வரை அருகில் பொறுமையாய் அமர்ந்திருப்பதும் உதவியே. அன்று நாம் சற்று முன்னதாகவே வாய் திறந்துவிட்டோம்.